"முருகன் என்னைக் காப்பாத்திட்டான்" – இதை யார் முன்னாடி சொல்றோம்?

ஓம் சரவணபவ.



நம்ம குரூப்களில் அடிக்கடி சுற்றி வரும் பதிவு ஒன்று உண்டு. "எனக்கு கொரோனா வந்துச்சு. மூச்சு விடவே முடியலை. கந்த சஷ்டி கவசத்தை விடாம படிச்சேன். முருகன் காப்பாத்திட்டான்." கீழே வரிசையா "முருகா சரணம்", "வெற்றிவேல்", கைகூப்பிய படங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் இந்த அனுபவப் பதிவுகள் நிற்கவில்லை. நிற்கவும் வேண்டாம். நானும் பிழைச்சு வந்தவன்தான். அந்த வாக்கியம் என் வாயிலும் இருக்கு.

ஆனா என்னை விடாத கேள்வி ஒன்று இருக்கு. அதே கவசத்தை, அதே நம்பிக்கையோட படிச்சும் பிழைக்காம போனவங்க இருக்காங்களே? அவங்க வீட்டுப் பிள்ளை ஒருத்தர் நம்ம குரூப்ல இருந்து இந்தப் பதிவைப் படிச்சா, அது அவங்களுக்கு எப்படிக் கேட்கும்?

இது எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. 2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான சமயம். திண்டுக்கல் பக்கம் எங்க கூட்டுக் குடும்பத்தில் ஐந்து பேருக்கு வந்தது. எனக்கும் பெரியப்பாவுக்கும்தான் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கியது. ரெண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. ஒன்பது நாள் கழிச்சு நான் வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா வரலை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போறவர் அவர். பெரியம்மா சஷ்டி விரதம் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை.

பார்க்க வந்தவங்க எல்லாரும் கேட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டே, "உன்ன அந்த முருகன்தாம்ப்பா காப்பாத்தினான்" என்றார்கள். அன்பாத்தான் சொன்னாங்க. உள்ளே பெரியம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒருநாள் சாயங்காலம் கஞ்சி கொண்டாந்து வெச்சுட்டு மெதுவாக் கேட்டாங்க: "தம்பி, எல்லாரும் உன்ன முருகன் காப்பாத்தினான்னு சொல்றாங்க. சந்தோஷம்தான். அப்ப உங்க பெரியப்பாவ அவன் என்னப்பா பண்ணினான்?"

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தேடித்தான் கேட்டார்கள். ஏப்ரல் கடைசியில் மூடிய கோயில்கள் ஜூலை 5-ஆம் தேதி வரை திறக்கவில்லை. சன்னிதியில் போய் நின்று அவனிடமே கேட்கக்கூட அவர்களுக்கு வழி இல்லை.

இந்தக் கேள்விக்கு நம்ம ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் மூன்று.

முதல் பதில்: "எல்லாம் அவங்கவங்க கர்மா."

வினைப்பயன் உண்டு என்பது நம் சமயத்தின் அடிப்படை. அதை நான் மறுக்கலை. ஆனா அடுத்தவர் கணக்குப் புத்தகத்தைப் பிரிச்சுப் படிக்கும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது? சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரிச்சுச் சொல்வாங்க. சேர்ந்து கிடக்கிறது, இப்போ அனுபவிக்கிறது, இனிமே சேர்த்துக்கிறது. ஒருத்தர் படுத்த படுக்கையா கிடக்கும்போது அது அவரோட பிராரப்தமா என்று எனக்குத் தெரியாது. ஆனா அவரைப் பார்த்து நான் என்ன பண்றேன் என்பது என்னோட ஆகாமியம். அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். கர்மா என்ற பாடம் என்னை நானே சரிபார்த்துக்கத்தான் இருக்கு.

நோயாளியை 'அவங்க வேற, நாம வேற' என்று பிரிச்சுப் பார்க்க ஆரம்பிச்சா அது எங்கே போய் நிற்கும் என்று நாமே பார்த்தோம். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் பண்ண விடாம ஒரு கூட்டம் ஆம்புலன்ஸை அடிச்சு உடைச்சது. கடைசியில் அவரோடு வேலை பார்த்த இன்னொரு டாக்டர் ராத்திரியோட ராத்திரியா, தன் கையாலேயே மண் தள்ளி அடக்கம் செய்தார். இதில் யாருக்கு எந்த வினை சேர்ந்திருக்கும்? செத்துப் போனவர் கணக்கைப் பற்றி நாம பேசவே வேண்டாம்.

இரண்டாவது பதில்: "அவங்களுக்கு நம்பிக்கை பத்தலை."

இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனா "நம்பினேன், அதனால் பிழைத்தேன்" என்று எழுதும்போது, எழுதாமலே இது உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. வைரஸ் மூச்சுக்காற்றில் பரவுது. ஒரே அறையில் அதிக நேரம் இருந்தவங்களுக்கு, வயசானவங்களுக்கு, சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ஆபத்து அதிகம். பெரியப்பாவுக்கு வயசு 64. சர்க்கரை உண்டு. எனக்கு அப்போ 26. பக்தி கணக்கைப் பார்த்திருந்தா நான் அவருக்குப் பக்கத்தில்கூட வர மாட்டேன்.

மூன்றாவது பதில்: "நல்லவங்களை முருகன் தன்கிட்ட சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்."

இது ஆறுதலுக்குச் சொல்றது. சில பேருக்கு நிஜமாவே ஆறுதல் தரும். பறிகொடுத்தவங்க தாங்களே இப்படிச் சொல்லிக்கிட்டா, கூட தலையாட்டுங்க. ஆனா நாமாப் போய் இதை அவங்ககிட்டச் சொல்றது வேற. பெரியம்மாகிட்ட ஒருத்தர் சொன்னார். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அப்ப எங்க தம்பி நல்லவன் இல்லையா?" சொன்னவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சரி, பதில்தான் என்ன? எனக்கு வழி காட்டினது பாம்பன் சுவாமிகள் வாழ்க்கை.

நம்மில் பலர் தினமும் படிக்கும் சண்முக கவசத்தை 1891-இல் பாடியவர் அவர். 1923 டிசம்பர் கடைசியில் சென்னை தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி அவர் கால் எலும்பு முறிந்தது. வயசு எழுபதைத் தாண்டியாச்சு. அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தாங்க. இந்த வயசில் எலும்பு கூடுவது கஷ்டம் என்று டாக்டர்கள் கைவிரித்த நிலை. அடியார்கள் சண்முக கவசம் பாராயணம் செய்தார்கள். பதினோராம் நாள் சுவாமிகள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே மயில்கள் ஆடும் காட்சியைக் கண்டார், எலும்பும் கூடியது என்பது வரலாறு. அதைத்தான் இன்றும் வருஷா வருஷம் மயூர வாகன சேவனம் என்று கொண்டாடுகிறோம்.

இந்த அற்புதத்தை எல்லாரும் பகிர்றோம். ஆனா இதிலேயே இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு.

ஒண்ணு, அது நடந்த இடம் ஒரு மருத்துவமனை வார்டு. கவசம் பாடியவரே கட்டுப் போட்டுக்கிட்டு கட்டிலில் படுத்திருந்தார். 'கவசம் இருக்க வைத்தியம் எதுக்கு' என்று அவர் கேட்கலை.

ரெண்டாவது, அவர் 1929 மே மாதம் சமாதி அடைந்தார். திருவான்மியூரில் அவர் சமாதிக் கோயில் இருக்கு. 1923-இல் காப்பாத்தின முருகன் 1929-இல் கைவிட்டுட்டான் என்று எந்த அடியாராவது சொல்வாங்களா? சொல்ல மாட்டோம். ரெண்டு தடவையும் அவன் கூடத்தான் இருந்தான் என்று நம்புறோம். அப்படீன்னா நம்ம நம்பிக்கைப்படியே, அருள் என்பது எத்தனை வருஷம் உயிரோட இருந்தோம் என்ற கணக்கு கிடையாது. பாம்பன் சுவாமிகளுக்கு ஒரு அளவுகோல், எங்க பெரியப்பாவுக்கு வேற அளவுகோலா?

இங்கே ஒரு தம்பி கேட்கலாம்: "அப்ப முருகன் உங்களைக் காப்பாத்தலையா அண்ணா? கவசம் படிச்சது சும்மாவா?"

சும்மா இல்லை. ராத்திரி வார்டில் ஆக்சிஜன் மாஸ்க்கோட, பக்கத்துக் கட்டில் காலியாகிறதைப் பார்த்துக்கிட்டு படுத்திருந்தபோது, மனசுக்குள் கவசத்தைத் தவிர எனக்குப் பிடிச்சுக்க வேற ஒண்ணும் இல்லை. பயம் ஒரு படி இறங்கும். மூச்சு கொஞ்சம் நிதானப்படும். அவன் கூட இருந்தான் என்று இன்னிக்கும் சொல்வேன்.

நான் பிரிச்சுப் பார்ப்பது வேற இடத்தில். "நீதான் காப்பாத்தினே" என்று முருகனைப் பார்த்துச் சொன்னால் அது நன்றி. அதையே ஊரைப் பார்த்துச் சொல்லும்போது கொஞ்சம் கொஞ்சமா அது தீர்ப்பா மாறிடுது. யாருக்கு அருள் கிடைச்சது, யாருக்குக் கிடைக்கலை என்ற தீர்ப்பு. நன்றி சொல்ற உரிமை எனக்கு முழுசா இருக்கு. தீர்ப்புச் சொல்ற உரிமை துளிகூட இல்லை.

அதுவும் போக, அவன் எந்தக் கையால காப்பாத்தினான் என்று பார்க்க வேண்டாமா? முழு உடைக்குள் வேர்த்து ஊத்த, என்னைக் குப்புறப் படுக்க வெச்ச நர்ஸ் அக்கா. வார்டைக் கழுவின தூய்மைப் பணியாளர். தெருவே கதவைச் சாத்திக்கிட்டபோது, எங்க கேட்டில் தினமும் தூக்குவாளி மாட்டிட்டுப் போன எதிர்வீட்டு ஆயிஷா அக்கா. 'முருகன் காப்பாத்தினான்' என்று சொல்லிட்டு இவங்களை மறந்தா, அவனுக்கு இருக்கிற பன்னிரண்டு கையையும் மறந்த மாதிரிதான்.

இன்னொன்று, நேர்த்திக்கடன். "பிழைச்சா பழனிக்கு நடந்தே வர்றேன்" என்று அந்த நாட்களில் வேண்டிக்கிட்டவங்க ஏராளம். ஆனா நோய் போனாலும் உடம்பு உடனே திரும்புறதில்லை. எனக்கு விபூதி வாசனையே ரெண்டு மாசம் தெரியலை. மாடிப்படி ஏறினா இளைப்பு. சில பேருக்கு இது மாசக்கணக்கில் நீடிக்குது என்று உலக சுகாதார நிறுவனமே வரையறுத்துச் சொல்லியிருக்கு. அந்த உடம்போட சொன்ன சொல்லுக்காக நடந்து, வழியில் மயங்கி விழணும் என்று முருகன் கேட்கலை. இப்போ போக முடியாதவங்களுக்காகத்தான் மஞ்சத் துணியில் காசு முடிஞ்சு வைக்கும் வழக்கத்தை நம்ம பாட்டிமார் வெச்சிருக்காங்க. கடனைத் தள்ளிப் போடலாம், தப்பில்லை. 693 படியும் ஏற முடியாதவங்க விஞ்சில் போறதைப் பார்த்து, "இந்த வயசிலேயா?" என்று கேட்காதீங்க. அவங்க நுரையீரல் என்ன பட்டிருக்கு என்று உங்களுக்குத் தெரியாது.

பெரியம்மாவும் அப்போ ஒரு ரூபாய்க் காசு முடிஞ்சு வெச்சிருந்தாங்க. பெரியப்பா நல்லபடியா வீட்டுக்கு வரணும் என்று. அவர் வரலை. வியாபாரம் என்று பார்த்தா அந்தக் கடன் செல்லாது. ஆனாலும் மறுவருஷம் பழனிக்குப் போய் அந்த முடிச்சை அப்படியே உண்டியலில் போட்டாங்க. ஏன் பெரியம்மா என்று கேட்டேன். "அவருக்குன்னு முடிஞ்ச காசுப்பா. என்கிட்ட எதுக்கு?" என்றார்கள். அவ்வளவுதான். பக்தி பேரம் இல்லை என்று நாம பக்கம் பக்கமா எழுதுறதை அவங்க ஒரு முடிச்சில் முடிச்சுட்டாங்க. நான் பிழைச்சதுக்கு நன்றி சொன்னதைவிட, பதிலே கிடைக்காம அவங்க அந்தக் காசைப் போட்டதுதான் பெரிய பக்தி என்று எனக்குத் தோணுது.

அதனால தம்பி தங்கைகளே, உங்க அனுபவத்தை எழுதுங்க. "முருகன் கூட இருந்தான்" என்று தாராளமாச் சொல்லுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி, அந்தக் குரூப்பில் யார் வீட்டில் அந்த வருஷம் மாலை போட்ட படம் ஒண்ணு கூடுச்சு என்று ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. முடிஞ்சா அவங்களுக்குத் தனியா ஒரு போன் போடுங்க. கர்மா பற்றி ஒண்ணும் பேச வேண்டாம். "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்க, கேட்கிறேன்" என்று சொன்னால் போதும்.

பெரியம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. தகப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமி அவன். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கும் தெரியணும் என்று கட்டாயம் இல்லை. பதில் தெரியாத இடத்தில் பக்கத்தில் போய் உட்காரத் தெரிஞ்சா, அதுவே அவனுக்குச் செய்யும் பூசை.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!