பன்னிரண்டு கூடை மீந்த துண்டுகள்



திபேரியாக் கடலுக்கு அக்கரையிலே நமது ஆண்டவராகிய சேசுநாதர் ஐயாயிரம் பேரைப் போஷித்த புதுமையை அறியாத குழந்தை நம் பங்கிலே இராது. ஒரு சிறுவனிடத்தில் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் இருப்பதாக அர்ச். பெலவேந்திரர் சொன்னார். ஆண்டவர் அவற்றை எடுத்து, நன்றி செலுத்தி, பந்தியிருந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். எல்லாரும் திருப்தியாய் உண்டார்கள். புதுமை இவ்வளவோடு முடிந்தது என்று நாம் நினைத்து விடுகிறோம். ஆனால் அர்ச். அருளப்பர் தமது சுவிசேஷத்தின் 6-ம் அதிகாரத்தில் இன்னொரு காரியத்தையும் எழுதி வைத்திருக்கிறார். ஜனங்கள் உண்டு முடித்த பின்பு ஆண்டவர் தம்முடைய சீஷர்களை அழைத்து, மீந்த துண்டுகளில் ஒன்றும் வீணாய்ப் போகாதபடி அவைகளைப் பொறுக்கிச் சேர்க்கும்படி கட்டளையிட்டார். அவர்கள் சேர்த்தபோது பன்னிரண்டு கூடை நிறைந்தது.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் போதுமாக்கினவருக்கு, புல்லின்மேல் கிடந்த துண்டுகள் எதற்கு? நாளைக்கு வேண்டுமானால் நாளைக்கும் பலுகச் செய்யலாமே! ஆனாலும் அவர் பொறுக்கச் சொன்னார். ஏனெனில் அப்பம் என்பது வெறும் அப்பம் அன்று. அதிலே நிலத்தை உழுதவனுடைய வேர்வை இருக்கிறது. மாவரைத்தவளுடைய கைவலி இருக்கிறது. அடுப்பிலே எரிந்த விறகு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழையும் வெயிலும் தந்த சர்வேசுரனுடைய தயவு இருக்கிறது. துண்டை எறிகிறவன் இவை எல்லாவற்றையும் சேர்த்தே எறிகிறான்.

இந்தச் சத்தியத்தைப் பனியன் தொழிலால் பிழைக்கிற நமது திருப்பூருக்குப் பொருத்திப் பார்ப்பதே இவ்வாரத்து ஞான சிந்தனை. நம் பங்கிலே கம்பெனி வைத்திருப்போர் உண்டு. ஜாப் ஒர்க் எடுத்து நாலு மெஷின் ஓட்டுவோர் உண்டு. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாழ்வோர் அநேகர் உண்டு. ஆகையால் இது யாரோ ஒருவருக்குச் சொல்லும் புத்தி அன்று. நம் எல்லாருக்கும் உரியது.

ஒரு பனியன் எப்படி உண்டாகிறதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குஜராத்திலோ மராட்டியத்திலோ விளைந்த பஞ்சு லாரியேறி வருகிறது. மில்லிலே நூலாகிறது. நிட்டிங்கிலே துணியாகிறது. சாயப்பட்டறையிலே பாய்லர் எரிய, வெந்நீரிலே நிறமேறுகிறது. பிறகு காய்ந்து, மடிந்து, கட்டிங் டேபிளுக்கு வருகிறது. தைத்து, தேய்த்து, பெட்டியிலே அடைத்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பிக் கப்பலேற்றுகிறோம். இப்படிக் கை மாறிக் கை மாறிப் போகிற வழியைத்தான் இக்காலத்தார் விநியோகச் சங்கிலி என்கிறார்கள். அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கரியோ, விறகோ, டீசலோ, மின்சாரமோ செலவாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. நமது நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியால் உண்டாவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. அப்படியானால் மாதம் 1,000 யூனிட் ஓடும் சிறு பட்டறை, தன் கண்ணுக்குப் புகையே தெரியாமல், 700 கிலோவை ஆகாயத்தில் ஏற்றுகிறது.

இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் ஆகாயத்தில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு அளவாயிருந்த இந்த வாயு, இன்று 420 பங்கைக் கடந்து விட்டது. அது கம்பளியைப்போல் பூமியைச் சுற்றிக்கொண்டு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது. 2024-ம் ஆண்டு, கணக்கெடுக்கத் தொடங்கின நாள் முதல் கண்ட ஆண்டுகளிலெல்லாம் மிகவும் உஷ்ணமான ஆண்டாயிருந்தது. தகரக் கூரையின் கீழே சித்திரை மாதத்தில் அயர்ன் டேபிளருகே நிற்கிற சகோதரனுக்கு இது புஸ்தகத்துச் செய்தி அன்று.

இப்போது கட்டிங் டேபிளுக்கு வாருங்கள். நூறு கிலோ துணி வெட்டினால் பத்துப் பதினைந்து கிலோ வரைக்கும் துணுக்காய்க் கீழே விழுகிறது. அந்தத் துணுக்கிலே பஞ்சு விளைந்த வயலும், நூற்ற மில்லும், சாயம் காய்ச்சிய பாய்லரும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. அதற்காக எரிய வேண்டியது எரிந்து போயிற்று. அதைக் குப்பையிலே எறிந்தால் அத்தனை புகையும் வீண் புகை. தைத்து முடிந்த பின் கறை பட்டதாலோ ஷேட் மாறினதாலோ கழிக்கப்படும் பனியனோ இன்னும் கனமானது. எத்தனை கை மாறி வந்ததோ அத்தனை பாரம் அதிலே ஏறியிருக்கிறது.

சர்வேசுரனுக்குத் தோத்திரம், நமது ஊரிலே அந்தத் துணுக்கைப் பொறுக்குகிறவர்கள் உண்டு. பனியன் வேஸ்ட் வாங்குகிற வியாபாரிகள் அதைத் தரம் பிரித்து, ஓ.இ. மில்லுகளுக்கு அனுப்ப, அங்கே அது கிழிபட்டு மறுபடியும் பஞ்சாகி, மறுபடியும் நூலாகிறது. நிறம் நிறமாய்ப் பிரித்துக் கொடுத்தால் அந்த நூலுக்குப் புதிதாய்ச் சாயம் போடவும் வேண்டியதில்லை. சாயமும், வெந்நீரும், விறகும் மிச்சம். ஆனால் அதே துணுக்கோடு மெஷின் எண்ணெயும், டீக் குவளையும், பாலிதீனும், மீந்த சோறும் கலந்துவிட்டால் அது ஒன்றுக்கும் உதவாது. குப்பை மேட்டுக்குப் போகும். அல்லது யாராவது ராத்திரியில் கொளுத்துவார்கள். சோறு முதலிய மக்கும் பொருள்கள் குப்பை மேட்டிலே காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறு வருஷக் கணக்கிலே பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு உஷ்ணம் பிடிக்கும். அந்த மேட்டருகே வீடு கட்டிக் குடியிருக்கிறவர்கள் யார்? முதலாளிகள் அல்ல. 2017-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் தேதி, புத்தாண்டு தினத்திலே, கொழும்பு நகரின் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து ஏழைகளின் வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

நிற்க, நமது சொந்தக் கதையையும் மறக்கலாகாது. நொய்யலிலே சாயத்தண்ணீரை விட்டோம். பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. விவசாயிகள் அழுது முறையிட்டார்கள். முடிவில் 2011-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எத்தனை குடும்பங்களில் அந்த மாதம் அடுப்பு எரியவில்லை என்பதை உங்களில் பெரியவர்கள் அறிவார்கள். அயலானுடைய தண்ணீரைக் கெடுத்த கடன் வட்டியோடு நம் வாசலுக்கே வந்தது. பின்பு ஒரு சொட்டும் வெளியே விடாமல் தண்ணீரைச் சுத்திகரித்து, உப்பையும் மீட்டு, மறுபடி உபயோகிக்கக் கற்றுக்கொண்டோம். இது புகழத்தக்கது. ஆயினும் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் நெருப்பு வேண்டியிருக்கிறது. ஆகவே ஆற்றுக்கு நியாயம் செய்தாயிற்று, இனி ஆகாயத்துக்குக் கடனில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

“சாமி, கோவிலிலே கேட்க வேண்டியது இதுவா? புகையைப்பற்றி எந்தக் கட்டளையிலே சொல்லியிருக்கிறது?” என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஏழாம் கட்டளையைப் பாருங்கள். பிறன் பையிலே கைவிடுவது மட்டுந்தானா களவு? பிறக்கப் போகிற பேரப்பிள்ளைகள் சுவாசிக்க வேண்டிய ஆகாயத்தை அவர்களைக் கேளாமல் செலவழிப்பதற்கு என்ன பெயர்? பிரான்சிஸ்கு பாப்பானவர் 2015-ம் ஆண்டு மே 24-ம் தேதியிட்ட “லௌதாத்தோ சீ” என்னும் நிருபத்திலே, உபயோகித்து எறிந்துவிடும் பழக்கத்தை வன்மையாய்க் கண்டித்து, பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் ஒன்றாகவே கேட்க வேண்டுமென்று போதித்தார். எளிமையிலே சிறந்த ஐந்துகாயப் பிரான்சிஸ்கு அர்ச்சியசிஷ்டவரின் பெயரைச் சுமந்தவர் வேறெப்படிப் போதிப்பார்?

எட்டாம் கட்டளையும் இதிலே உண்டு. வெளிநாட்டுப் பையர்கள் இன்று புகைக்கணக்குக் கேட்கிறார்கள். மறுசுழற்சி நூல் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். புது நூலைப் பழைய நூலென்று எழுதிக் கொடுப்பதும், எரித்த விறகைக் குறைத்துக் காட்டுவதும் பொய்ச்சாட்சி. கையெழுத்துப் போடச் சொன்ன முதலாளியும் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தே போட்டவனும் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் கட்டளைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்றால் ஆச்சரியப்படுவீர்கள். திட்டமில்லாமல் ஆர்டர் எடுத்து, நாள் தவறி, கப்பலிலே போக வேண்டிய சரக்கை விமானத்திலே அனுப்புகிறோம். அதே பாரம் அதே தூரம் போக, கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு புகை கக்குகிறது. இலாபமும் அதிலே பறந்து போகிறது. அந்த அவசரத்துக்காகவே ஒன்றரை ஷிப்ட்டும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் வருகின்றன. பூசை காணாத தாயும், தாயைக் காணாத பிள்ளையும் அந்த ஷிப்மெண்ட்டின் கணக்கிலே எழுதப்படுவதில்லை. சர்வேசுரன் எழுதுகிறார். லியோ என்னும் 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ம் ஆண்டிலேயே தொழிலாளிக்கு நியாயமான கூலியும் ஓய்வுநாளும் உரிமை என்று போதித்தது நினைவிருக்கட்டும்.

ஆகையால் செய்ய வேண்டியதென்ன? தொழில் நடத்துகிறவர்களே, முதலாவது கணக்கு எழுதுங்கள். மாதந்தோறும் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை டன் விறகு, உள்ளே வந்த துணி எத்தனை கிலோ, வெளியே போன பனியன் எத்தனை கிலோ என்று ஒரே நோட்டிலே எழுதி வாருங்கள். எழுதாத குறை கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, கட்டிங் டேபிளருகே நிறத்துக்கொரு சாக்கு வையுங்கள். மார்க்கர் போடுகிறவர் துணியை நெருக்கமாய்ப் பொருத்த நேரங்கொடுங்கள். மூன்றாவது, நீராவிக் குழாயின் கசிவை அடையுங்கள். அரை லாரி பாரமாயிருந்தால் பக்கத்துக் கம்பெனியோடு சேர்த்து ஒரே லாரியாய் அனுப்புங்கள். நம்மவர் பலர் காற்றாலைகளிலும் சூரியத் தகடுகளிலும் முதல் போட்டிருப்பது போற்றத்தக்கது, இயன்றவர்கள் பின்பற்றுங்கள்.

வேலை செய்கிற சகோதர சகோதரிகளே, சாக்கிலே சோற்றைப் போடாதிருப்பதும், ஆளில்லாத மின்விசிறியை நிறுத்துவதும், கறைபடாமல் தைப்பதும் உங்கள் பங்கு. ஆனால் முதலாளிகளே, பிரித்துப்போடும் வேலையைக் கூலியில்லாத வேலையாய் அவர்கள் தலையிலே கட்டாதீர்கள். இல்லத்தரசிகளே, பையிலே சிரித்துக்கொண்டிருக்கிற பத்தாவது பனியன் வேண்டியதுதானா என்று ஒரு தரம் கேளுங்கள்.

தூரதேசத்து வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் இதை வாசிக்காவிட்டாலும் நீதிக்காகச் சொல்ல வேண்டும். துணி விற்கிறவர்களுடைய புகைக்கணக்கில் பெரும்பகுதி அவர்கள் கடையிலே அல்ல, நம்முடைய மில்லிலும் பாய்லரிலும் உண்டாகிறது. அதைக் குறைக்கும்படி நமக்குக் கடிதம் எழுதிவிட்டு, அதே கடிதத்திலே விலையையும் குறைப்பது நியாயமன்று. சுமக்கக்கூடாத பாரத்தைப் பிறர் தோளிலே வைத்து, தாங்கள் விரலாலும் தொடாதவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்று அர்ச். மத்தேயு எழுதியிருக்கிறார். பெரிய கம்பெனி வைத்திருக்கிற நம்மவரும் ஜாப் ஒர்க் செய்கிற சிறியவனிடத்தில் இதே பாவத்தைக் கட்டிக்கொள்ளாதபடி எச்சரிக்கையாயிருங்கள்.

பிரியமானவர்களே, ஞாயிற்றுக்கிழமை பூசையிலே, நன்மை கொடுத்து முடிந்த பின்பு குருவானவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? தட்டிலே ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத துணுக்கையும் விரலால் கூட்டிப் பாத்திரத்திலே சேர்க்கிறார். ஏனென்றால் அந்தத் துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாய் இருக்கிறார். அதற்கும் துணித் துணுக்குக்கும் வானத்துக்கும் பூமிக்குமுள்ள தூரம் உண்டு என்பது மெய்தான். ஆனாலும் பீடத்தருகே அவ்வளவு கவனத்தைக் கற்றுக்கொண்டவன், திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடலாமா?

இன்றிரவு ஜெபம் முடிந்து ஆத்தும சோதனை செய்யும்போது, ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: என் கையாலே இந்த வாரம் எது வீணாய்ப் போயிற்று? அது யாருடைய வேர்வை? விடை தெரிந்தால் வருகிற வாரத்துக்கு ஒரு கூடை எடுத்து வையுங்கள். சீஷர்கள் பன்னிருவரும் குனிந்து பொறுக்கினார்கள், நாமும் குனிவோமாக. அந்தத் தாழ்ச்சியைச் சேசுநாதர்சுவாமி நமக்குத் தந்தருளுவாராக. ஆமென்.