பூட்டிய கதவும் இரண்டு ஹக்குகளும்

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் மஸ்அலா இது. குடியிருப்பவர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, கடிதத்துக்குப் பதிலில்லை, நேரில் போனால் கதவு திறப்பதில்லை. "வீடு என்னுடையது, மறுசாவியும் என்னிடம் இருக்கிறது. திறந்து உள்ளே போனால் என்ன தப்பு?" என்கிறார்கள்.

இதில் இரண்டு ஹக்குகள் மோதுகின்றன. வாடகை பெறுவது வீட்டுக்காரரின் ஹக்கு. தன் மறைவு காக்கப்படுவது குடியிருப்பவரின் ஹக்கு. இரண்டும் அடியார்களின் ஹக்குகள். இவற்றைப் பறித்தால் தவ்பா மட்டும் போதாது. உரியவரும் மன்னிக்க வேண்டும். ஆகவே அவசரப்படாமல் யோசிப்போம்.

முதலில், அது யாருடைய வீடு? மண்ணும் சுவரும் உங்களுடையவை, ஐயமில்லை. ஆனால் இஜாரா என்னும் ஒப்பந்தத்தால் அதில் வசிக்கும் பயனைக் குறித்த காலத்துக்கு விற்றுவிட்டீர்கள். இத்தாவில் இருக்கும் பெண்களை வெளியேற்றாதீர்கள் என்று கூறும் அல்லாஹுதஆலா, கணவனுக்குச் சொந்தமான வீட்டைக்கூட அப்பெண்களின் வீடு என்றே குறிப்பிடுகிறான் (65:1). அங்கே வசிப்பதால் வந்த உரிமை அது. பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழையாதீர்கள், உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் அனுமதி கிடைக்கும்வரை நுழையாதீர்கள் என்ற கட்டளை (24:27, 28) வீட்டுக்காரருக்கும் பொருந்தும். தீ விபத்து, உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறாரோ என்ற நியாயமான அச்சம் போன்ற நிர்ப்பந்தம் வேறு. அப்போது அக்கம்பக்கத்தாரை அழைத்துக்கொண்டு திறப்பது உயிரைக் காக்கும் கடமை. வாடகை பாக்கி அத்தகைய நிர்ப்பந்தம் ஆகாது.

அடுத்து, அந்த மௌனத்தின் காரணம் என்ன? எல்லா மௌனமும் ஒன்றல்ல.

கையில் இல்லாததால் ஒளிபவர் உண்டு. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அபுல் யஸர் (ரலி) அவர்களின் செய்தியைப் பாருங்கள். கடன்பட்டவரின் வீட்டுக்கு அவர்கள் போனபோது, அவர் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் வெளியே வந்த அவருடைய மகன், தங்கள் குரலைக் கேட்டதும் தகப்பனார் உள்ளே ஒளிந்துகொண்டார் என்று சொல்லிவிட்டான். அபுல் யஸர் (ரலி) அவர்கள் உள்ளே பாயவில்லை. வெளியில் நின்றே கூப்பிட்டார்கள். ஏன் ஒளிந்தாய் என்று கேட்க, பேசினால் பொய் சொல்ல நேருமே, வாக்குக் கொடுத்தால் மாற நேருமே என்று அஞ்சினேன், நான் கஷ்டத்தில் இருக்கிறேன் என்றார் அவர். மூன்று முறை அல்லாஹ்வின் மீது சத்தியம் வாங்கிக்கொண்டு, கடன் பத்திரத்தை வரவழைத்துத் தம் கையாலேயே அழித்தார்கள். வசதி வந்தால் கொடு, இல்லையேல் நீ விடுபட்டவன் என்றும் சொன்னார்கள். வெட்கமும் ஒரு மனிதனை ஊமையாக்கும் என்பதை அந்த ஸஹாபி புரிந்துகொண்டார்கள். கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுப்பது குர்ஆனின் கட்டளை. விட்டுக்கொடுப்பது அதைவிட மேல் (2:280).

கையில் இருந்தும் ஏய்ப்பவர் வேறு வகை. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். கணவன் விட்டுப்போன ஒரே வீட்டின் வாடகையில் அரிசி வாங்கும் விதவைப் பெண்ணுக்கு, சம்பாதிக்கும் குடித்தனக்காரர் கதவைச் சாத்திக்கொண்டால், அவளிடம் போய் ஸப்ரைப் போதிப்பது நம் வேலையல்ல. ஜமாஅத்தார் இருவர் அவளுக்காகப் போய்க் கேட்க வேண்டும். பள்ளிவாசலில் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் கடனைக் கேட்டுக் குரல் உயர்ந்தபோது, நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி, பாதியை விட்டுக்கொடுக்கும்படி சைகை காட்டினார்கள். அவர் இசைந்ததும் கடனாளியிடம், எழுந்து மீதியைக் கொடுத்துவிடு என்றார்கள். விட்டுக்கொடுக்கச் சொன்னவர்களே வசூலித்தும் கொடுத்தார்கள். மத்தியஸ்தம் என்றால் இதுதான்.

அதற்கும் மசியாவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்; அது குற்றமில்லை. 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதைத் தடுக்கிறது. குடியிருப்பவரின் பிள்ளைகளைத் தாகத்தில் வாட்டி வாடகை வசூலிப்பதை நம் மார்க்கமும் ஏற்காது.

மூன்றாவது வகை, ஆளே போய்விட்டார். சாமான் மட்டும் கிடக்கிறது. சாவி அவர் கையில் இருந்த காலத்து வாடகை, அவர் வசிக்காவிட்டாலும் அவர்மீது கடன்தான். ஆனால் அந்தச் சாமான்கள் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடா. முதலில் உறவினரைத் தேட வேண்டும். போலீஸில் தெரிவிக்க வேண்டும். சட்டப்படி வீடு கைக்கு வந்ததும், சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் எழுதிச் சாமான்களை அமானத்தாகப் பாதுகாக்க வேண்டும். அவர் மௌத்தாகியிருந்தால், ஹனஃபி மத்ஹபின்படி இஜாரா அத்தோடு முடியும். ஷாஃபிஈ மத்ஹபில் தவணை வரை நீடிக்கும். எப்படியானாலும் சாமான்கள் வாரிசுகளுடையவை. பாக்கி வாடகையோ, வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் தீர்க்க வேண்டிய கடன்.

குடியிருப்போருக்கும் ஒரு வார்த்தை. "இந்த மாதம் முடியவில்லை" என்று வாசலில் வந்து சொல்வது கேவலமல்ல. உங்கள் மௌனம் வீட்டுக்காரரைக் கெட்ட எண்ணத்தில் தள்ளுகிறது. அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்குண்டு. வீட்டுக்காரர்களே! சாவி கொடுக்கும் நாளிலேயே வாடகை, தவணை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் விலாசம் எல்லாவற்றையும் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதச் சொன்ன வசனம் (2:282) இத்தகைய சச்சரவைத் தடுக்கவே இறங்கியது.

மறுசாவி உங்களிடம் இருப்பது உண்மை. அதை எப்போது திருப்பலாம் என்பதை மார்க்கத்திடம் கேளுங்கள். பிறர் ஹக்கு நம் கழுத்தில் இல்லாத நிலையில் அவனைச் சந்திக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.