கடலுக்குக் காணிக்கை வேண்டாம்



தருமபுரி மாவட்டம் சித்தேரியில் உள்ள நமது சிறிய நிழல்தாங்கலில் பணிவிடை செய்து வருபவன் நான். எங்கள் மலைக்கும் கடலுக்கும் வெகுதூரம். அப்படியிருந்தும் கடற்கரையைப் பற்றி எழுத வேண்டிய கடன் எனக்கு வந்து சேர்ந்தது. அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அரூர் வழியாக மோட்டார் சைக்கிளிலும் காரிலும் மலை பார்க்க ஆட்கள் வருவார்கள். வரட்டும், மலை யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஓடைக்கரையில் கிடக்கும் உடைந்த பாட்டிலையும் பிளாஸ்டிக் தட்டையும் பொறுக்குவது எங்கள் வேலையாகிவிடுகிறது. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற இடம் அது. ஒருநாள் ஒரு வாலிபரிடம், "தம்பி, இது முறையா?" என்று கோபமாகவே கேட்டேன். அவர், "உங்க ஊர்க் கடையிலதானே காசு கொடுத்து வாங்கினோம், சும்மாவா வந்தோம்?" என்றார். அந்தப் பதில் என் மனதில் முள்ளாகத் தைத்தது.

போன வருடம் மாசி 20, அய்யா அவதாரத் திருநாளுக்கு நாங்கள் ஒரு பஸ் பிடித்துச் சாமிதோப்புக்குப் போனோம். திரும்பும் வழியில் திருச்செந்தூர் அவதாரப்பதியை வணங்கிவிட்டு, பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று ராமேசுவரம் போய் அங்கிருந்து தனுஷ்கோடிக்கும் போனோம். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. கடற்கரை மணலில் எல்லோரையும் உட்கார வைத்து, பிளாஸ்டிக் பூசிய தட்டில் தக்காளிச் சாதமும் பாக்கெட் தண்ணீரும் கொடுத்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் காற்று அடித்தது. தட்டும் பாக்கெட்டும் பறந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அங்கே சங்கும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, "அண்ணே, இங்க காத்து எல்லாத்தையும் கடலுக்குத்தான் கொண்டு போவும். ஆமை முட்டை போட வர்ற மாசம்ணே இது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வண்டி நிறுத்தக் காசு கட்டிட்டுத்தானம்மா வந்திருக்கோம்." சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. மலையில் அந்த வாலிபர் சொன்னதும் இதைத்தானே! நெற்றியில் திருநாமம் இட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு, அதே சொல்லை நானும் சொல்லிவிட்டேன்.

அன்று தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை. மனிதர் அதிகம் நடமாடாத ஒரு கடற்கரையை எப்படிக் காப்பது? யாரிடமிருந்து காப்பது? யாருக்காகக் காப்பது?

தனுஷ்கோடி ஒரு காலத்தில் ரயில் வந்து நின்ற ஊர். 1964 டிசம்பர் மாதப் புயலில் அழிந்தது. அதன்பிறகு பல ஆண்டுகள் மணல்வழி போகும் வேனில்தான் ஆட்கள் போக முடிந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. இப்போது எங்களைப் போல் பஸ் பஸ்ஸாக மக்கள் போகிறோம். அதே மண்ணில்தான் மாசி, பங்குனி மாதங்களில் ஆமைகள் இரவில் கரையேறிக் குழிதோண்டி, ஒரு குழிக்குச் சுமார் 100 முட்டை இட்டு மூடிவிட்டுப் போகின்றன. பங்குனி ஆமை என்றே ஓர் இனத்துக்குப் பெயர். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சு பொரிந்து, கடல் இருக்கும் வெளிச்சத் திசையைப் பார்த்து ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் அதைக் கடலென்று நம்பி எதிர்ப்பக்கம் போய்ச் சாகும். அதனால் வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட இடத்தில் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அங்கே வந்து தங்கும் பூநாரைகளுக்காக 2025 ஜூன் 5 அன்று 524.7 ஹெக்டேர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அதற்குத் தென்மேற்கே, தூத்துக்குடி வரையிலும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986-ல் அவற்றைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் உடைத்து அள்ளியிருக்கிறார்கள். பவளப்பாறைதான் அலையின் வேகத்தைத் தாங்கித் தீவைக் காக்கும் சுவர். சுவர் போனபின் வீடு நிற்குமா? இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. 2001-ல்தான் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் சேர்த்தார்கள்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் யாரையும் உள்ளே விடாமல் வேலி போட்டுவிட வேண்டியதுதானே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சித்தேரிக்காரனால் அவ்வளவு லேசாக அதைச் சொல்ல முடியாது. எங்கள் மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வந்தவர்கள் அந்த ஏழை ஜனங்களுக்குச் செய்த கொடுமையை நாடறியும். குற்றஞ்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னது. காட்டைக் காப்பதாகச் சொல்லி, காட்டை நம்பி வாழ்பவரை மிதித்தால் அது காவல் ஆகாது.

மன்னார் வளைகுடாவிலும் இப்படி ஒரு துன்பம் உண்டு. பாம்பன் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். பூங்கா வந்ததும் அவர்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, மீன்பிடி தடைக்காலத்தில் எடுப்பதில்லை, பாறையை இரும்பால் சுரண்டுவதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015-ல் வெளிநாட்டு அமைப்பு ஒன்று விருது கொடுத்துக் கௌரவித்தது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பெண்கள், கடலைக் காக்கும் வழியைப் படித்தவர்களுக்குக் காட்டினார்கள்.

சரி, எல்லோருக்கும் திறந்துவிடலாமா? சுற்றுலா வந்தால் உள்ளூர் ஜனங்களுக்குப் பிழைப்பு வரும் என்கிறார்கள். அது பொய்யில்லை. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போவதும் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் அந்த ஊர் மக்கள்தான். வனத்துறை துணை நிற்கிறது. காடு நின்றால்தான் வருமானம் நிற்கும் என்பதால் அவர்களே அதற்குக் காவல். ஆனால் கணக்கில்லாமல் திறந்துவிட்ட இடங்களில் நடப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். பணம் உள்ளவன் வருவான், பார்ப்பான், போவான். குப்பை மட்டும் அங்கேயே தங்கும்.

அடைப்பதும் சரியில்லை, அப்படியே திறந்துவிடுவதும் சரியில்லை. நமக்கு வழி எது? அன்பர்களே, அந்த வழி கடற்கரையிலேயே நமக்குக் காட்டப்பட்டிருக்கிறது.

கடல் நமக்கு வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. 1008-ஆம் ஆண்டு மாசியில் வைகுண்டராய் அய்யா வெளிப்பட்டது திருச்செந்தூர்க் கடலில். விஞ்சை பெற்றது முட்டப்பதிக் கடலில். எழுநூறு குடும்பத்தாரை அய்யா துவையல் தவசுக்கு அனுப்பியதும் கடற்கரைக்கே. அத்தனை பேர் ஒரு கரையில் கூடினார்கள். அவர்கள் அங்கே எப்படி இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பொழுதுதான் உண்டார்கள். நாள்தோறும் மூன்று வேளை முழுகினார்கள். தங்கள் துணியைத் தாங்களே துவைத்தார்கள். கரையிடம் அவர்கள் கேட்டது மிகக் கொஞ்சம். தங்களிடமிருந்து அவர்கள் கழுவி எடுத்தது நிறைய.

சாமிதோப்பில் உள்ள முத்திரிக்கிணறும் அப்படித்தான். தீண்டாமையால் கிணற்றுப் பக்கம் விரட்டப்பட்டவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் அய்யா அந்தத் தண்ணீரைப் பொதுவாக்கினார். பொது என்றால் யாரும் எப்படியும் பாழாக்கலாம் என்று பொருளா? எல்லோருக்கும் உரிமை உண்டு, அதனால் எல்லோருக்கும் பொறுப்பும் உண்டு என்றல்லவா பொருள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அய்யா காணிக்கை கேட்கவில்லை. போடவும் வேண்டாம் என்றார். ஏன்? காசைப் போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று மனிதன் நினைத்துவிடுவான். மனம் மாறாமலே கையைக் கழுவிக்கொள்வான். இன்று நாம் கட்டும் நுழைவுக் கட்டணமும் அப்படி ஒரு காணிக்கையாகிவிட்டது. "காசு கட்டியாச்சு" என்ற நினைப்பில் ஆமைக்குழியை மிதிக்கிறோம், பறவைக் கூட்டத்தைப் படமெடுக்கத் துரத்துகிறோம், கரையில் பிழைப்பவரை வேலைக்காரராக நடத்துகிறோம். கட்டணம் காவலாளுக்குச் சம்பளம் கொடுக்கலாம், படகுக்கு டீசல் போடலாம். அதை வாங்கிக்கொண்டு கடல் நம்மை மன்னிக்காது. கடலுக்கு வேண்டியது நம்முடைய அடக்கம்.

"பசித்த மனிதனைவிட ஆமை பெரிதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாசி எடுக்கும் பெண்ணும் முட்டையிடும் ஆமையும் எதிரெதிர்க் கட்சி இல்லை. இருவரும் வாழ்வது ஒரே கடலில்; இருவரையும் நெருக்குவது ஒரே பேராசை. தாழ்ந்தவரைத் தாங்குவதே தருமம் என்பது நமக்கு அய்யா தந்த அளவுகோல். அதைக் கடற்கரையில் வைத்து அளந்தால் முறை தெளிவாகிவிடும். வாயில்லாச் சீவனுக்கும் கரையில் பிழைப்பவருக்கும் முதல் இடம். வண்டியேறி வந்து பார்த்துவிட்டுப் போகும் நமக்குக் கடைசி இடம்.

இந்த வருடம் மறுபடியும் தனுஷ்கோடி போவதா என்று எங்கள் தாங்கலில் பேச்சு வந்தது. போகவே வேண்டாம் என்றனர் சிலர். கடலையே பார்க்காத பிள்ளைகள் எங்கள் மலையில் உண்டு. அவர்களைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவில் இப்படி வைத்துக்கொண்டோம். அவரவர் எவர்சில்வர் தட்டும் தண்ணீர்ச் செம்பும் கொண்டு வர வேண்டும். சாப்பாடு ராமேசுவரத்திலேயே முடிந்துவிட வேண்டும். மணலுக்கு எதையும் கொண்டு போகக் கூடாது. பொழுது சாயும் முன் கரையைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். கிளம்பும் முன் ஒரு நாழிகை, நாம் போட்டதா பிறர் போட்டதா என்று பார்க்காமல் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக் கோணியில் கட்டி எடுத்து வர வேண்டும். இதையும் ஒரு பணிவிடை என்று எண்ணிச் செய்ய வேண்டும்.

நான் மட்டும் இன்னொரு வேலையும் வைத்திருக்கிறேன். அந்தச் சங்கு விற்கும் அம்மாவைத் தேடிப் பார்த்து, அன்று சொன்ன வார்த்தைக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதன்பிறகுதான் எங்கள் ஓடைக்கரைக்கு வரும் வாலிபர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு வரும்.

அய்யா உண்டு.