செவிக்கே முதற் பாடம்

 

பிறந்த சிசுவின் வலது காதில் பாங்கு சொல்கிறோம். எழுத்துக்கு முன்னே செவிக்கே முதற் பாடம்! அல்லாஹு தஆலாவும் ‘நஹ்ல்’ அத்தியாயத்தில், ஏதுமறியாது பிறக்கும் மனிதனுக்குத் தான் ஈந்த அருட்கொடைகளைக் கூறுங்கால், பார்வைக்கும் முன்பாகச் செவியைக் குறிப்பிடுகின்றான். கருவின் இறுதி மாதங்களிலேயே சிசு தாயின் குரலைக் கேட்கிறதென இன்றைய ஆராய்ச்சியும் சொல்கிறது. கேளாத சொல்லைக் குழந்தை பேசாது. பேசி அறியாத சொல்லை ஏட்டில் கண்டாலும் அதற்குப் பொருள் விளங்காது.

செபராங் ஜெயாவில் நம்மவர் சிலர், பள்ளிக்கு மலாயும் ஆங்கிலமும் வேண்டுமே என்றஞ்சி, பிள்ளையிடம் தமிழை நிறுத்திவிடுகின்றனர். தமக்கே சரளமில்லாத மொழியில் நாலு வார்த்தை சொல்லி, கைப்பேசியைக் கொடுத்துவிடுகின்றனர். அஞ்சாதீர்கள்! இரு மொழி கேட்பதால் குழந்தை குழம்பிவிடாது. நம் மூதாட்டியர் மார்க்கம் அறிந்ததே, அரபு எழுத்தில் எழுதிய அறபுத் தமிழால் அல்லவா?

பத்ருப் போரில் (கி.பி. 624) சிறைப்பட்டோரில் எழுதத் தெரிந்தவர், பத்துச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிப்பதையே மீட்புப் பணமாக ஏற்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நம் கடமையோ அதனினும் எளிது. மஃரிபுக்குப் பின் கால்மணி நேரம், பிள்ளையை மடியிலிருத்தி நபிமார் சரிதையைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளை அமானிதம், மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு. அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.