கடவுள் நிற்கும் இடம்

தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். அந்தந்த நிலத்துக்கே உரியவை கருப்பொருள்: உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அவற்றோடு தெய்வமும் உண்டு. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன். பாலைக்குத் தொல்காப்பியர் தெய்வம் எதையும் சொல்லவில்லை. கொற்றவையைச் சேர்த்தது பிற்கால மரபு. எங்கும் நிறைந்தவன் என்று சமயம் போற்றும் பொருளை, இலக்கணம் தினைக்கும் மயிலுக்கும் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. நாத்திகர்கூட இவ்வளவு துணிந்ததில்லை.

அதே நூலில் இன்னொரு விதி இருக்கிறது. ஒரு பூவோ பறவையோ தன் நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியதாகவே அதைக் கொள்ள வேண்டும். விதி பேசுவது பூவையும் புள்ளையும் பற்றி மட்டுமே. தெய்வத்துக்கும் அதை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943) சரியான சோதனை.

அக்கதையில் கடவுள் தோன்றுவது சென்னை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில். டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா என்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்; கடவுள் அவரிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். மணியோசை இல்லை, கற்பூர வாசனை இல்லை. இருவரும் ஓட்டலுக்குப் போகிறார்கள். காபியைக் குடித்த கடவுளுக்குச் சோமபானம் அருந்தியதுபோல் இருக்கிறது. தன் லீலை என்று பூரிக்கிறார். அது ஓட்டல்காரன் கலந்த சிக்கரியின் வேலை என்று பிள்ளை திருத்துகிறார். பிறகு பிள்ளை நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுள் ஆயுள் சந்தாதாரராகிறார். சந்தா 25 ரூபாய். பிழைப்புக்காக அவர் ஆடும் கூத்தும் எடுபடவில்லை.

கடவுள் உண்டா இல்லையா என்று கதை ஓரிடத்திலும் விவாதிக்கவில்லை. பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டிய ஊரில் கடவுளால் என்ன செய்ய முடியும் என்பதே அதன் கேள்வி. இதே சந்திப்பு ஒரு கோபுர வாசலில் நடந்திருந்தால் பிள்ளை கும்பிட்டிருப்பார். கதை அங்கேயே முடிந்திருக்கும். பக்திக் கதைகள் பலவற்றில் நேர்வது இதுதான். விளக்கொளியும் ஊதுபத்திப் புகையும் வாசகனை முன்கூட்டியே இணங்க வைத்துவிடுகின்றன. எழுதியவர் நிறுவ வேண்டியதை வர்ணனை தாங்கிக்கொள்கிறது. மனநிலை கிடைத்துவிடும். பொருள்தான் கிடைக்காது.

தஸ்தயேவ்ஸ்கி ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் (1880) இந்தச் சிக்கலை வேறு வகையில் கையாள்கிறார். குழந்தைகள் படும் துன்பத்துக்குக் கடவுளின் உலகில் என்ன நியாயம் என்று இவான் தம்பி அல்யோஷாவிடம் கேட்பது ஒரு மதுவிடுதியில். ஜன்னலோரம், ஒரு தட்டிக்கு அப்பால் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மீன் சூப் வருகிறது, தேநீரும் செர்ரி ஜாமும் வருகின்றன. அடுத்த அறைகளிலிருந்து பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதும் சத்தமும் பணியாளைக் கூப்பிடும் குரல்களும் கேட்கின்றன. அங்கிருந்து இவான் சொல்லும் கதை 16-ஆம் நூற்றாண்டின் செவில் நகரத்துக்குப் போகிறது. முந்தைய நாள்தான் அங்கே நூறு பேர் அளவில் சமயத் துரோகிகள் என்று எரிக்கப்பட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த கிறிஸ்துவைச் சமய விசாரணைத் தலைவர் இரவில் சிறைக்குள் சந்திக்கிறார். வெக்கையான அந்த இரவில் எலுமிச்சை, லாரல் மரங்களின் மணம் காற்றில் இருக்கிறது. எரித்த நகரமும் மணக்கும் நகரமும் ஒன்றே. தலைவரின் வாதத்தை ஏற்கும் வாசகன் அந்த நெருப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

இவான் தன் கருத்துகளை இதற்கு முன்பும் பேசியிருக்கிறான், மடாலயத்தில், துறவி சோசிமாவின் அறையில். அங்கே பேச்சு திருச்சபை நீதிமன்றங்களைப் பற்றிய அவனது கட்டுரையை ஒட்டி, அளவோடு நடக்கிறது. குழந்தைகளைப் பற்றிய கேள்வி அங்கே எழவில்லை. படங்களும் சிலுவையும் சூழ்ந்த அந்த அறையில் அதைக் கேட்டிருந்தால் அது ஒரு முறையீடாகியிருக்கும். மதுவிடுதியில் அது குற்றச்சாட்டாகிறது.