ஏறுவதும் இறங்குவதும்: கம்ப நடனப் பயிற்சியில் வலியின் அதிகாரம்

உடல் வலிக்கும்போது அதற்குக் கீழ்ப்படிவதா, அதைக் கடந்து செல்வதா என்பது சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வியாகும். துறவு நெறிகள் பலவும் வலியைப் பொறுப்பதில் ஓர் உயர்வைக் கண்டன. உடலைப் பேணுவதையே அறமாகக் கொண்ட மரபுகளும் அவற்றின் அருகிலேயே வளர்ந்தன. இக்கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழும் இடங்களுள் ஒன்று கம்ப நடனப் பயிற்சிக்கூடம் ஆகும். தரைக்கும் கூரைக்கும் இடையே நிறுத்திய உலோகக் கம்பத்தைப் பற்றி ஏறி, சுழன்று, தலைகீழாகத் தொங்கி ஆடும் இக்கலை, வட அமெரிக்க இரவு விடுதிகளின் மேடையிலிருந்து 1990களில் பயிற்சி வகுப்புகளுக்குள் நுழைந்தது. 2017இல் அதன் பன்னாட்டுக் கூட்டமைப்பு, உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுச் சங்கத்தில் பார்வையாளர் தகுதியையும் பெற்றது. விடுதி மேடையில் வளர்ந்ததால் இக்கலையின்மீது சுமத்தப்படும் ஒழுக்கக் குற்றச்சாட்டுகள் பற்றி நிறையவே பேசியாயிற்று. அதைக் கற்போர் தம் உடலோடு நடத்த வேண்டியிருக்கும் அறவிவாதமோ அதைவிட ஆழமானது; அதற்குரிய கவனத்தை அது இன்னும் பெறவில்லை.

முதல் வலி தோலில் தொடங்குகிறது. பரவலாகப் பயன்படும் கம்பத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். குரோமியம் பூசிய எஃகு, துருப்பிடிக்காத எஃகு, பித்தளை எனப் பரப்புகள் வேறுபட, பிடிமானமும் வேறுபடுகிறது. கைகள் மட்டுமே உடலைத் தாங்குவதில்லை. உள்தொடை, முழங்காலின் பின்மடிப்பு, அக்குள், இடுப்பின் பக்கம் ஆகியவையும் மாறிமாறிக் கம்பத்தைக் கவ்வுகின்றன. துணி வழுக்கும், தோல் பற்றும். இக்கலைக்குரிய சிற்றுடைக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. தோலில் சிறிது ஈரம் இருந்தால் உராய்வு கூடும், வியர்வை மிகுந்தால் குறையும் என்பதால், மக்னீசியம் கார்பனேட்டுப் பொடியை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வதும், பயிற்சி நாளில் உடலில் எண்ணெயோ களிம்போ பூசாதிருப்பதும் வழக்கமாயின. கைகளை விடுத்துத் தொடைகளால் மட்டும் கம்பத்தில் அமர்ந்திருக்கும் முதல் பாடத்தில், உள்தொடைத் தோல் இழுபட்டு நசுங்க, கற்பவர் கீழே இறங்கிவிடவே விரும்புவார். ஆசிரியரோ சற்று இருக்கச் சொல்வார். வாரங்கள் செல்லச் செல்ல அவ்வலி தானே தணிகிறது; சிறு கன்றல்களைத் தவிர வேறு கேடு நேர்வதில்லை. உடல் இட்ட கட்டளை மீறப்பட்டது, அம்மீறல் சரியாகவும் இருந்தது.

கட்டளை என்னும் சொல் இங்கே அணியாகக் கையாளப்படவில்லை. வலி என்பது உடலின் நிலைபற்றிய செய்தி அன்று, ஓர் உறுப்பைக் காக்கும்படி உடல் இடும் ஆணையே என்று காலின் க்ளைன் என்னும் தத்துவ அறிஞர் 2015இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். செய்தியாயின் அது மெய்யா பொய்யா என்று ஆராயலாம். ஆணையாயின் அதற்குக் கீழ்ப்படியலாம் அல்லது மீறலாம், ஆனால் அதைப் பொய் என்று தள்ள முடியாது. வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்தியமைத்த வரையறையும், திசுச் சேதத்தோடு தொடர்புடைய அல்லது அத்தகைய தொடர்பை ஒத்த விரும்பத்தகாத அனுபவம் என்றே வலியைக் குறிக்கிறது. வலி இருக்குமிடத்தில் சேதம் இருந்தே தீரும் என்று அது சொல்லவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், வலி ஆணையிடுகிறது, ஆனால் அந்த ஆணைக்குரிய காரணத்தைத் தன்னோடு கொண்டுவருவதில்லை என்பது தெளிவாகும்.

நெகிழ்வுப் பயிற்சி இதை மேலும் சிக்கலாக்குகிறது. கால்களை இருபுறமும் நீட்டித் தரையில் படிய அமர முயலும் ஒருவரைத் தடுப்பது தசையின் குட்டைத்தன்மை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் சில வாரங்கள் நீட்சிப் பயிற்சி செய்தவரிடம் காணப்படும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி, தசை நீண்டதால் வருவதன்று, நீட்சியைப் பொறுக்கும் எல்லை உணர்வில் நகர்ந்ததால் வருவதே என்னும் விளக்கத்தை 2010இல் வெப்லர், மாக்னுசன் ஆகிய ஆய்வாளர்கள் சான்றுகளோடு முன்வைத்தனர். தசை அப்படியே இருக்க, நரம்பு மண்டலம் தான் தரும் அனுமதியை விரிக்கிறது. தொடக்கத்தில் உடல் வகுத்த எல்லை பொய்யானதன்று. முன்பின் அறியாத ஒரு நிலையில் அது காட்டிய முன்னெச்சரிக்கை. பொறுமையாக மூச்சுவிட்டு, அஞ்சத்தக்கது ஏதும் இங்கில்லை என்று மீண்டும் மீண்டும் காட்டினால், அது தளர்கிறது. உடலோடு போரிட வேண்டும் என்று போதிக்கும் பயிற்சியாளர்களின் பேச்சு இந்த உண்மைக்கு முன் நிற்காது. இங்கே நடப்பது இணங்கவைத்தல்.

இணங்கவைத்தலில் தேர்ந்தவருக்கே அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. தோல்வலியையும் நீட்சிவலியையும் கடந்து பழகியவர், எல்லா வலியும் அவ்வாறே கடக்கத்தக்கது என்று எண்ணத் தொடங்குகிறார். மேற்கையைக் கட்டைவிரல் கீழ்நோக்கும்படி முறுக்கிக் கம்பத்தைப் பற்றி, உடல் முழுவதையும் அக்கையில் தொங்கவிடும் முறுக்குப்பிடியில், மேற்கை எலும்பு உள்நோக்கிச் சுழன்ற நிலையில் தோள்மூட்டு சுமை ஏற்கிறது; மூட்டைச் சூழ்ந்து காக்கும் சுழல்தசைகள் வலுப்பெறாத நிலையில் இது தொடர்ந்தால் தோள் பழுதுபடும். இன்னும் நுட்பமானது தொடைப் பின்தசையின் தசைநாண், அதாவது அத்தசையை உட்காரும் எலும்போடு பிணைக்கும் கட்டு, நலிவுறும் நிலை. அப்போது தொடையின் பின்புறம் இறுக்கமாக உணரப்படுகிறது. கற்பவர், தாம் கற்ற பாடத்தின்படியே, இறுக்கத்தை நீக்க நீட்சிப் பயிற்சியைக் கூட்டுகிறார். இடுப்பு மடங்கி நீளுந்தோறும் தசைநாண் எலும்பின்மீது அழுந்துகிறது. அழுந்த அழுந்த நோய் முற்றுகிறது. முற்றிய நோய் மேலும் இறுக்கமாக உணரப்படுகிறது. இங்கே கெடுப்பது சோம்பல் அன்று, விடாமுயற்சியே. நேற்றுவரை நற்பண்பாக இருந்த ஒன்று, அதே ஆளிடம், அதே அசைவில், தீங்காக மாறிவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

பிளேட்டோவின் 'லாக்கெஸ்' என்னும் உரையாடல் இதே முடிச்சை அவிழ்க்க முயன்றது. அதுவும் ஓர் உடற்பயிற்சி பற்றிய கேள்வியிலேயே தொடங்குகிறது: கவசமணிந்து போரிடும் வித்தையை இளைஞர்க்குக் கற்பிக்கலாமா? பேச்சு வீரத்தின் இலக்கணத்துக்குத் திரும்ப, வீரம் என்பது உள்ளத்தின் பொறுத்துநிற்கும் ஆற்றல் என்கிறார் தளபதி லாக்கெஸ். அறிவோடு கூடிய பொறுமையா, அறிவற்ற பொறுமையா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அறிவோடு கூடியதே என்று அவர் ஒப்புக்கொண்டதும், கிணற்றில் மூழ்கும் திறமை உடையவனைவிட அத்திறமை இல்லாமலே குதிப்பவன் அல்லவா மிகத் துணிந்தவன் என்று சாக்ரடீஸ் மடக்குகிறார். உரையாடல் விடையின்றி முடிகிறது. பயிற்சிக்கூடத்தில் அவ்விடையின்மை அன்றாடம் உணரப்படுகிறது. தோள் வலியைப் பொருட்படுத்தாமல் தொங்குபவருக்குக் கிடைக்கும் கைதட்டல், அடித்தளப் பயிற்சிக்குத் திரும்புபவருக்குக் கிடைப்பதில்லை.

தவத்தின் வடிவம் என்று வள்ளுவர் கூறுவதில் இரண்டு பகுதிகள் உள்ளன: தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருத்தல். உரையாசிரியர்கள் இரண்டாம் பகுதியைப் பிறர்மேல் வைத்தே விளக்கினர். தன் உடலுக்கு இழைக்கும் கேடும் அந்த விலக்கினுள் அடங்குமா என்று கேட்பது குறளின் சொற்களைத் தாண்டிய கேள்விதான் எனினும், பொறுத்தல் மட்டுமே தவமாகாது, அதன் அருகில் ஒரு விலக்கும் நின்றாக வேண்டும் என்னும் அமைப்பு குறளிலேயே உள்ளது.

கம்பமும் வலியும் சமயத்தில் நேரடியாகச் சந்தித்த இடம் ஐந்தாம் நூற்றாண்டுச் சிரியா. அலெப்போவுக்கு வடமேற்கே ஒரு தூணின் உச்சியில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து 459இல் மறைந்தவர் துறவி சிமியோன். தூணின்மீது நின்ற துறவியும் கம்பத்தைச் சுற்றி ஆடும் நடனக் கலைஞரும் ஒப்பிடத்தக்கவர் அல்லர் என்று தோன்றலாம். ஒருவர் உலகை விட்டு மேலே போனவர், மற்றவர் உலகின் கண்முன் ஆடுபவர். ஆயினும் சிமியோனைக் காணப் பெருந்திரள் கூடியது என்பதும், நின்று நின்றே அவர் காலில் ஆறாப் புண் உண்டாயிற்று என்பதும் அவரை நேரில் அறிந்த ஆயர் தியோடொரேட் எழுதியவை. அதற்கும் முன்பு, உடலைப் புண்ணாக்கும்படி பனைநார்க் கயிற்றை இடையில் இறுகக் கட்டிக்கொண்டதற்காகவும் அதையொத்த கடுந்தவங்களுக்காகவும் மடத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். அவருடைய தவம் பக்தியா, செருக்கா என்னும் ஐயம் பாலைத் துறவிகளுக்கு இருந்தது. ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எவாக்ரியஸ் கூறுவதன்படி, அவர்கள் ஒரு தூதரை அனுப்பி, தூணிலிருந்து இறங்கிவரும்படி ஆணையிடச் செய்தனர். மறுத்தால் இழுத்து இறக்கவும், உடனே இறங்க முற்பட்டால் அங்கேயே இருக்க விடவும் சொல்லியனுப்பினர். சிமியோன் உடனே காலை எடுத்து வைத்தார். அவர் மேலேயே இருக்க அனுமதிக்கப்பட்டார்.

அத்துறவிகள் அளந்தது அவர் எவ்வளவு வலியைத் தாங்குவார் என்பதை அன்று. அதை ஊரே அறிந்திருந்தது. இறங்க இயலாத பொறுமை தன்னையே வழிபடும் பொறுமை என்பது அவர்கள் கண்ட நுட்பம். லாக்கெஸ் தேடிக் கிடைக்காமற் போன அறிவின் ஓர் அடையாளமாக இதைக் கொள்ள இடமுண்டு.

காயத்திலிருந்து மீளும் காலம் கற்பவரின் இறங்கும் காலம். முதல் சில நாள் அழற்சி, பின் சில வாரங்கள் புதுத் திசு வளர்தல், அதன்பின் மாதக்கணக்கில் அத்திசு சுமைக்கேற்பத் தன்னைத் திருத்தியமைத்தல் எனத் தசைநாண் ஆறுகிறது. இரத்த ஓட்டம் குறைந்த உறுப்பாதலால் தசையைவிட அது மெதுவாகவே தேறும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்திவைத்தல் என்னும் நான்கு விதிகளை 1978இல் பரப்பிய மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தாமே திருத்தினார். முழு ஓய்வில் தசைநாண் வலுவிழக்கிறது. ஆகவே இயன்முறை மருத்துவர் அசையாமல் தாங்கும் பயிற்சியில் தொடங்கி, பிறகு மெல்ல அசைந்து சுமை தூக்கும் பயிற்சிக்கும், இறுதியிலேயே நீட்சிக்கும் அழைத்துச் செல்கிறார். இடையில் அச்சம் என்னும் தனிநோய் உண்டு: திசு ஆறிய பின்னும் கை கம்பத்தை விட மறுக்கும், உடல் பழைய கட்டளையையே ஓதிக்கொண்டிருக்கும். அப்போது மீண்டும் மீற வேண்டியிருக்கிறது, ஆனால் சிறுசிறு அளவில், மறுநாள் காலை வலி கூடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து.

வகுப்பில் இறங்கச் சொல்ல ஆசிரியர் இருக்கிறார். ஆனால் கூரைக்கும் தரைக்கும் இடையே அழுத்திப் பொருத்தும் கம்பங்கள் வீடுகளுக்குள் வந்தபின், தனியே பயில்பவர் பலர். ஆணையிடும் துறவியும் கீழ்ப்படியும் துறவியும் அவர்களிடம் ஒரே ஆளாகிவிடுகின்றனர், வலியைத் தாங்கும் பெருமிதம் மேலோங்கிய கணத்தில் ஆணையிடுபவர் வாய் திறப்பதில்லை. தனியாக இருக்கும்போது புதிய தலைகீழ் நிலையை முயலாதிருத்தல், கீழே தடித்த மெத்தை விரித்தல், பிடி ஒருமுறை வழுவினால் அன்றைய ஏற்றத்தை நிறுத்துதல், வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்தல் என்று தேர்ந்தவர்கள் கைக்கொள்ளும் விதிகள், மனம் தெளிவாக இருந்தபோது வகுக்கப்பட்டு, தெளிவு குன்றும் வேளைக்காகக் காத்திருப்பவை. அவ்விதிகளுக்குக் கீழ்ப்படிவது உடலுக்குக் கீழ்ப்படிவதா, உடலைக் கடப்பதா என்று வகைப்படுத்துவது கடினம். வலி தொடங்குவதற்கு முன்பே எடுத்த முடிவு அது.