யாருக்காக நடிக்கிறது குழந்தை?

குழந்தைக்கு நாடகம் கற்றுக்கொடுத்தால் தன்னம்பிக்கை வளரும் என்கிறோம். அப்போது நம் மனத்தில் பெரும்பாலும் நிற்பது, கூச்சமில்லாமல் மேடையேறித் தடுமாறாமல் வசனம் பேசும் பிள்ளைதான். ஆண்டுவிழா ஒத்திகைகளும் அந்தப் பிள்ளையைத் தேடியே நடக்கின்றன. ஏற்கெனவே உரக்கப் பேசத் தெரிந்தவனுக்கு ராஜா வேடம். பேசத் தயங்குபவனுக்கு மரமாகவோ காவலாளியாகவோ நிற்கும் வேலை. விழா முடியும்போது முதலாமவனுக்குத் துணிச்சல் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். இரண்டாமவன் தன் இடம் எது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவான். நாடகத்தால் ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டியது இதைவிடப் பெரியது: தான் சொன்ன ஒரு யோசனையை இன்னொருவர் ஏற்று, அதை மேலே கொண்டுபோகிறார் என்ற அனுபவம். அதற்கு, தொடக்கத்திலாவது, பார்வையாளர்கள் இல்லாமல் இருக்க வேண்டும்.

கண்டிப்பிலும் மனப்பாடத்திலும் வளர்ந்தவர்கள்தானே நம் பெரிய நடிகர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவனாகச் சேர்ந்தவர்தான் அவ்வை டி.கே. சண்முகம். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்கள் இல்லாமல் எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை. ஆனால் அங்கே நாடகம் தொழில். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்காகத்தான் பிள்ளைகள் பாடினார்கள். வயதுவந்த நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை என்பது சிறுவர் கம்பெனிகள் தோன்றிய காரணங்களில் ஒன்று. வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடியே செய்வார்கள் என்பதுதான் சிறுவர்களின் மதிப்பு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபின் வேடமிழந்து ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெயர்களை வரலாறு வைத்திருக்கவில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணி ஒரு கல்விமுறையை மெச்சுவது சரியல்ல.

இதற்கு நேர் எதிரான வழியை வயோலா ஸ்போலின் சிகாகோவில் கண்டுபிடித்தார். ஹல் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தில் நீவா பாய்டிடம் விளையாட்டு வழிக் கற்பித்தலைப் பயின்ற அவர், புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்காக நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். 1963-இல் அவற்றை நூலாக்கினார். கண்ணாடி விளையாட்டு அவற்றில் எளியது. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கையை உயர்த்தினால் மற்றவர் பிம்பமாகி அதையே செய்ய வேண்டும்; பிறகு முறை மாறும். மாறி மாறிச் செய்யச் செய்ய, யார் தொடங்குகிறார், யார் தொடர்கிறார் என்று அவர்களுக்கே தெரியாத நிலை வந்துவிடும். வாய் திறக்கவே அஞ்சும் பிள்ளை இதில் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதன் விரல் அசைவை எதிரே இருப்பவர் முழுக் கவனத்துடன் பின்பற்றுகிறார். அந்தக் கவனம் பல பிள்ளைகளுக்கு வீட்டிலும் வகுப்பிலும் கிடைக்காதது. கண்டிப்பைப் போலவே பாராட்டும் குழந்தையைக் கட்டிப்போடும் என்றார் ஸ்போலின். நம் ஆசிரியர்களுக்கு ஏற்கக் கடினமான கருத்து இது. ‘சபாஷ்’ கேட்ட குழந்தை அடுத்த முறையும் அதையே செய்து காட்டும். புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கத் தயங்கும்.

இதெல்லாம் வெறும் நல்லெண்ணம்தானா என்று ஐயப்படுபவர்களுக்கு, டொராண்டோ பல்கலைக்கழக உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் 2004-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம் கற்பித்தார்கள். மீதிப் பேருக்கு அந்த ஆண்டு வகுப்பே இல்லை. இசை கற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. நாடகக் குழுவுக்கு அந்தக் கூடுதல் இல்லை. ஆனால் பிறருடன் இணங்கிப் பழகும் தன்மை அந்தக் குழுவில் மட்டும் கூடியிருந்தது. அந்த மதிப்பீட்டைத் தந்தவர்கள் பெற்றோர் என்பதால் அதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக் கூடாது. ‘நாடகம் படித்தால் மதிப்பெண் ஏறும்’ என்று விளம்பரம் செய்யவும் அதில் இடமில்லை. எனக்கு அதுவே நிறைவு. கலையைக் கணக்குப் பாடத்துக்குத் துணைப்பாடமாக்கி விற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சுதந்திரம் கொடுத்தால் பிள்ளைகள் சினிமா வசனத்தைத்தானே பேசுகிறார்கள் என்பது ஆசிரியர்களின் உண்மையான சலிப்பு. முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும், தடுக்க வேண்டியதில்லை. ‘நீ யாரிடம் பேசுகிறாய், அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்’ என்று விளையாட்டுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தால், இரவல் வசனம் அங்கே பொருந்தாமல் போய்விடும். பிள்ளை தன் பாட்டியின் பேச்சையும், தெருவில் கேட்ட சண்டையையும் எடுத்துக்கொள்ளும். பாடத்திட்டத்தில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பொதுத் தேர்வுப் பாடமாகவே இருக்கிறது. அது ஒரு பேறு. ஆயினும் மதிப்பெண் போடுபவரும் ஒரு பார்வையாளர்தான். ‘எங்கள் பிள்ளை மேடையில் நிற்பதைப் பார்க்க வேண்டாமா’ என்னும் பெற்றோரின் ஆசையையும் ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகளே கூடி ஒரு கதையை உருவாக்கி, அதைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்று அவர்களே கேட்கும் நாளில் நாற்காலிகளைப் போடலாம். அந்த நாள் ஆண்டுவிழாத் தேதிக்குள் வராவிட்டால், அந்த ஆண்டு விழாவில் நாடகம் இல்லாமல் போகட்டும்.